நான்கு ஓவியங்கள், ஒரு விருந்து, கொஞ்சம் சர்க்கரை: லண்டன், 1747

தொண்டுக்கு நிதி திரட்டும் ஓவியக் கண்காட்சி எதற்குப் போனாலும் என் கண் முதலில் தேடுவது இனிப்பு மேஜையைத்தான். நாக்கு ஒரு காரணம், அதை மறைப்பானேன். மேஜை எந்த இடத்தில் கிடக்கிறது என்று பார்த்தால் ஏற்பாட்டாளரின் கணக்கு புரிந்துவிடும் என்பது இன்னொரு காரணம். வாசலருகே போட்டிருந்தால் வந்தவர்கள் ஒரு குலாப் ஜாமூனை விழுங்கிவிட்டு நழுவிவிடுவார்கள். கடைசிச் சுவருக்கு அருகே போட்டிருந்தால் எல்லாப் படங்களையும் தாண்டித்தான் போயாக வேண்டும். திரும்பும்போது கையில் கிண்ணத்தோடு நிதானமாக நிற்பார்கள், பக்கத்தில் இருப்பவரிடம் பேச்சுக் கொடுப்பார்கள், அப்புறம் விலை கேட்பார்கள். மார்கழிக் கச்சேரிகளுக்கு சபா கேன்டீன் செய்யும் வேலையும் கிட்டத்தட்ட இதுதான்.

படம், சாப்பாடு, தர்மம் மூன்றையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்த மாலைகள் இன்று எல்லா ஊரிலும் நடக்கின்றன. ஆராய்வதற்கு நான் எடுத்துக்கொண்டது மிகப் பழைய ஒன்று. அதற்குக் காரணம் இருக்கிறது. அண்மையில் நடந்தவற்றில் எவ்வளவு வசூல் என்பதோடு செய்தி முடிந்துவிடும். இதில் யார் எதைக் கொடுத்தார்கள், யாருக்கு எது கிடைத்தது, பதின்மூன்று வருடத்தில் அது எங்கே போய்ச் சேர்ந்தது என்பது வரை தொடர்ந்து பார்க்க முடிகிறது.

1747 ஏப்ரல் 1, புதன்கிழமை. லண்டனில் ஃபவுண்ட்லிங் ஹாஸ்பிட்டல் என்ற நிறுவனம், கவர்னர்கள் என்று அழைக்கப்பட்ட தன் நிர்வாகிகளுக்கும் நன்கொடையாளர்களுக்கும் ஒரு விருந்து வைத்தது. பெயரில் ஹாஸ்பிட்டல் என்று இருந்தாலும் அது மருத்துவமனை அல்ல. கைவிடப்படும் நிலையில் இருந்த கைக்குழந்தைகளை எடுத்து வளர்க்கும் இல்லம். விருந்துக்கு ஏறக்குறைய 170 பேர் வந்தார்கள். அன்றே, புதிதாக மாட்டப்பட்ட நான்கு பெரிய ஓவியங்களும் அவர்கள் பார்வைக்கு வந்தன. நான்கு ஓவியர்களும் ஒரு காசு வாங்காமல் வரைந்து கொடுத்தவை. அந்தக் காலத்து லண்டன் கலை உலகில் நடந்ததையெல்லாம் குறிப்பேடுகளில் எழுதிவைத்த ஜார்ஜ் வெர்ட்யூ என்ற செதுக்கோவியர் (தகட்டில் படம் செதுக்கி அச்சிடுபவர்) இதையும் எழுதிவைத்தார். ஆங்கிலேய ஓவியர்கள் இதுவரை செய்ததைவிட உயர்ந்த தரத்தில் இருப்பதாகப் பெரும்பாலானோர் பாராட்டினார்கள் என்பது அவர் குறிப்பின் சாரம்.

விருந்து என்றால் இரவு நேரத்தை நினைத்துவிட வேண்டாம். அந்தக் காலத்தில் பெரிய சாப்பாடு பிற்பகலில் தொடங்கும். பேச்சு, மது, இனிப்பு என்று நீண்டு விளக்கேற்றும் வேளையைத் தொடும்.

இல்லம் எப்படி வந்தது

தாமஸ் கோரம் கடலோடி. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பக்கம் கப்பல் கட்டும் தொழில் செய்துவிட்டு லண்டன் திரும்பியவர். தெருவோரத்தில் போடப்பட்டுக் கிடக்கும் குழந்தைகளைப் பார்த்துப் பார்த்து மனம் பொறுக்காமல், அவர்களுக்கு ஓர் இல்லம் வேண்டும் என்று கிளம்பினார். அனுமதி கிடைக்கப் பதினேழு வருடம் ஆனது. ஒழுக்கக்கேட்டை ஊக்குவிப்பதாகிவிடும் என்று பெரிய மனிதர்கள் ஒதுங்கிப் போனார்கள். கடைசியில் அவருக்குக் கைகொடுத்தது பெண்கள். 1729-ல் சாமர்செட் சீமாட்டியில் தொடங்கி, உயர்குடிப் பெண்கள் 21 பேர் அவருடைய மனுவில் கையெழுத்துப் போட்டார்கள். அவர்கள் போட்ட பிறகுதான் ஆண்களுக்குத் துணிச்சல் வந்தது. 1739 அக்டோபர் 17 அன்று அரச சாசனம் கிடைத்தது. அதில் இடம்பெற்ற கவர்னர்கள் 375 பேர். அத்தனை பேரும் ஆண்கள்.

1741 மார்ச் 25 இரவு எட்டு மணிக்கு ஹாட்டன் கார்டன் பகுதியில் ஒரு வாடகை வீட்டில் கதவு திறந்தது. வரும் தாயின் முகம் யாருக்கும் தெரியக்கூடாது என்று வாசல் விளக்கை அணைத்துவிட்டார்கள். நள்ளிரவுக்குள் 30 குழந்தைகள் சேர்ந்து இடம் நிரம்பிவிட்டது. வெளியே இன்னும் பெண்கள் நின்றுகொண்டிருந்தார்கள்.

மறுவருடம் ஒரு முறை கொண்டுவந்தார்கள். தாய் ஒரு பைக்குள் கையை விட்டு ஒரு பந்தை எடுக்க வேண்டும். வெள்ளைப் பந்து வந்தால், மருத்துவச் சோதனை முடிந்ததும் குழந்தையை எடுத்துக்கொள்வார்கள். சிவப்பு வந்தால் காத்திருக்கலாம். வெள்ளை எடுத்தவர்களின் குழந்தைகளில் ஏதாவது ஒன்று நோயால் கழிக்கப்பட்டால் இடம் கிடைக்கலாம். கறுப்பு வந்தால் குழந்தையோடு வெளியே போக வேண்டியதுதான். வசதியான சீமாட்டிகள் இதைப் பார்க்க வந்தார்கள். ஆம், பார்வையாளர்களாக. இந்த ஒரு தகவலை நான் முதலில் படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். பிறகு யோசித்தால், பிற்பாடு நடந்த விருந்து, ஓவியம், இசை எல்லாவற்றுக்கும் விதை அந்தப் பார்வையாளர் வரிசையில்தான் இருக்கிறது. இல்லத்துக்குள் வசதியானவர்களை வரவழைக்க முடியும் என்பது அன்றைக்கே தெரிந்துவிட்டது. வந்தவர்களுக்குக் காட்ட வேறு ஏதாவது வேண்டும்.

ஓவியர் ஏன் இலவசமாக வரைந்தார்

வில்லியம் ஹோகார்த் இல்லத்தின் முதல் கவர்னர்களில் ஒருவர். 1740-லேயே கோரமை ஆளுயரத்துக்கு மேல் பெரிதாக வரைந்து இல்லத்துக்குக் கொடுத்துவிட்டார். அரசர்களையும் பிரபுக்களையும் மட்டுமே அந்தத் தோரணையில் வரைவது வழக்கம். ஹோகார்த் வரைந்த கோரமுக்கு விக் இல்லை, சிவப்புக் கோட்டு, நாற்காலியில் உட்கார்ந்தால் கால் தரையில் சரியாகப் பாவாத குள்ளமான உருவம். ஹோகார்த்துக்கும் அவர் மனைவி ஜேனுக்கும் குழந்தை இல்லை. இல்லத்துக் குழந்தைகளைத் தங்கள் வீட்டில் வைத்து வளர்த்திருக்கிறார்கள். அவருடைய இரக்கத்தைச் சந்தேகிக்க ஒன்றுமில்லை.

ஆனால் ஹோகார்த் கணக்குத் தெரிந்த ஆள். வெள்ளிப் பாத்திரத்தில் எழுத்து வெட்டும் பட்டறையில் தொழில் கற்றவர். தன் படங்களை அச்சிட்டுத் திருட்டுத்தனமாக விற்றவர்களை ஒடுக்க நாடாளுமன்றம் வரை போய் 1735-ல் செதுக்கோவியர் காப்புரிமைச் சட்டம் வரக் காரணமாக இருந்தவர். ஹோகார்த் சட்டம் என்றே அதற்குப் பெயர் நின்றது. அதே காலத்தில் செயின்ட் பார்த்தலோமியூ மருத்துவமனையின் படிக்கட்டுச் சுவரில் ஓர் இத்தாலிய ஓவியரை வரையவிடப் போகிறார்கள் என்று தெரிந்ததும், நான் சும்மாவே வரைந்து தருகிறேன் என்று முந்திக்கொண்டார்.

இதில் என்ன கணக்கு? அன்றைய லண்டனில் உயிரோடிருக்கும் ஆங்கிலேய ஓவியர் தன் படத்தைப் பொதுமக்களுக்குக் காட்ட ஓர் இடம் கிடையாது. பாரிஸில் அரசின் ஆதரவோடு கண்காட்சி நடந்தது. லண்டனில் அரசவை வாங்காது, தேவாலயம் வாங்காது. பணக்காரர்களுக்கு இத்தாலியப் பழைய படங்களின் மேல் மோகம். உள்ளூர் ஓவியருக்கு முகம் வரைந்து பிழைப்பதுதான் வழி. தன் பட்டறைக்கு வருகிறவர் பார்த்தால்தான் உண்டு. பெரிய அளவில், பல உருவங்களோடு, ஒரு கதையைச் சொல்லும் படத்தை வரைந்தாலும் அதை எந்தச் சுவரில் மாட்டுவது? புதிதாகக் கட்டப்பட்டு வெறுமையாக நிற்கும் இல்லத்தின் சுவர்களைப் பார்த்ததும் ஹோகார்த்துக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். ஊரிலேயே பணமும் பதவியும் உள்ள ஆட்கள் வந்துபோகும் கட்டடம் அது.

1746 டிசம்பர் 31 அன்று நடந்த கூட்டத்தில், படைப்புகளைத் தந்த, தர ஒப்புக்கொண்ட கலைஞர்களை கவர்னர்களாகச் சேர்த்துக்கொண்டார்கள். ஆண்டுதோறும் நவம்பர் 5 அன்று அவர்கள் கூடி, நிறுவனத்துக்குச் செலவில்லாமல் மேற்கொண்டு என்ன அலங்காரம் செய்யலாம் என்று பேச வேண்டும் என்பது ஏற்பாடு. நல்ல நாளாகத்தான் பார்த்தார்கள். மூன்றாம் வில்லியம் இங்கிலாந்தில் வந்திறங்கிய நாள் என்று அதைச் சுதந்திர நாளாகக் கொண்டாடுவது வழக்கம். பிற்காலத்தில் அந்த வருடாந்தரச் சாப்பாட்டுக்குப் பெரும் கூட்டம் சேர ஆரம்பித்தது.

சுவரில் இருந்தது

நிர்வாகக் குழு கூடும் அறைக்கு கோர்ட் ரூம் என்று பெயர். நான்கு பெரிய படங்களும் அங்கேதான். நான்கும் பைபிளில் குழந்தைகள் காப்பாற்றப்படும், அரவணைக்கப்படும் காட்சிகள். ஜோசப் ஹைமோர் பாலைவனத்தில் ஆகாரையும் இஸ்மவேலையும் வரைந்தார். ஜேம்ஸ் வில்ஸ் எடுத்தது, ‘சிறு பிள்ளைகள் என்னிடத்தில் வருகிறதற்கு இடங்கொடுங்கள்’ என்ற இயேசுவின் வாசகம். ஃபிரான்சிஸ் ஹேமன் நாணலுக்கு இடையில் குழந்தை மோசே கண்டெடுக்கப்படுவதை வரைந்தார். அதற்கு அடுத்த கட்டத்தை ஹோகார்த் எடுத்துக்கொண்டார். மற்ற மூன்றையும் வேகமாகக் கடந்துவிடலாம். ஹோகார்த்தின் படத்தில் நிற்க வேண்டும்.

யாத்திராகமக் கதை தெரிந்திருக்கும். ஆற்றில் விடப்பட்ட மோசேயைப் பார்வோனின் மகள் எடுக்கிறாள். வளர்க்கச் செவிலி தேடுகிறாள். குழந்தையின் அக்கா ஓடிப்போய்ப் பெற்ற தாயையே அழைத்து வருகிறாள். தாய், தன் பிள்ளைக்கே சம்பளத்துக்குப் பால் கொடுக்கிறாள். பிள்ளை வளர்ந்ததும் அரண்மனையில் கொண்டுவந்து ஒப்படைக்கிறாள். ஹோகார்த் அந்த ஒப்படைக்கும் கணத்தை எடுத்தார். ஒரு பக்கம் இளவரசி சாய்ந்து உட்கார்ந்து கையை நீட்டுகிறாள். பையன் நடுவில், அம்மாவின் உடையைப் பற்றிக்கொண்டு நகர மறுக்கிறான். அம்மாவுக்குப் பக்கத்தில் அரண்மனைக் கணக்குப்பிள்ளை, அவள் கையில் கூலியைக் கொடுத்துக்கொண்டிருக்கிறான். இளவரசியின் பின்னால் இரண்டு பேர் குசுகுசுவென்று பேசுகிறார்கள். இது இளவரசியின் சொந்தப் பிள்ளையாக இருக்குமோ என்ற ஊர்ப்பேச்சு அது.

விருந்துண்ட நன்கொடையாளர்கள் பார்த்த படம் இது. இல்லத்திலும் இதே வழக்கம்தான் இருந்தது. சேர்க்கப்படும் கைக்குழந்தைகளைக் கிராமப்புறச் செவிலித் தாய்மார்களிடம் கூலிக்கு அனுப்புவார்கள். ஐந்து வயது வாக்கில் திரும்ப அழைத்துக்கொள்வார்கள். அதுவரை அம்மா என்று நினைத்திருந்தவளை விட்டு வருகிற குழந்தையின் நிலை, சுவரில் இருந்த மோசேயின் நிலைதான். உங்கள் தர்மம் இந்தக் குழந்தையைக் காப்பாற்றுகிறது, அதோடு ஒரு தாயின் கையில் காசை வைத்துப் பிரிக்கவும் செய்கிறது என்று படம் சொல்கிறது. கொடுப்பவரைக் குளிரவைப்பதோடு நின்றிருக்கலாம்; ஹோகார்த் நிற்கவில்லை. இன்றைய தொண்டுக் கண்காட்சிகளில் சிரிக்கும் குழந்தை, பறக்கும் பட்டம், நீட்டிய கை என்று பார்த்துச் சலித்தவன் என்பதால் எனக்கு இது பெரிதாகத் தெரிகிறது.

தட்டில் இருந்தது

படமும் பலகாரமும் ஒன்றாகப் போகும் என்பது இந்த ஓவியர்களுக்கு முன்பே கைவந்த விஷயம். தேம்ஸ் நதிக்குத் தெற்கே வாக்ஸ்ஹால் தோட்டத்தை ஜோனதன் டயர்ஸ் 1732-ல் புதுப்பித்துத் திறந்தார். ஒரு ஷில்லிங் கொடுத்தால் உள்ளே போகலாம். மரங்களுக்கு நடுவே விளக்குகள், இசைக்குழு, திறந்த முகப்போடு சாப்பாட்டு அறைகள். அந்த அறைகளின் பின்சுவர்களில் பெரிய ஓவியங்கள். 1740-களில் அவற்றில் பெரும்பாலானவை ஹேமனின் பட்டறையிலிருந்து போனவை. யோசனை சொன்னதில் ஹோகார்த்துக்குப் பங்குண்டு என்று டயர்ஸ் அவருக்கு வாழ்நாள் முழுக்கச் செல்லும் தங்க நுழைவு வில்லை கொடுத்தார். வாக்ஸ்ஹாலில் பன்றி இறைச்சியை எவ்வளவு மெலிதாக வெட்டுவார்கள் என்றால், ஒரு தொடைக் கறியை வைத்துத் தோட்டம் முழுவதையும் மூடிவிடலாம் என்று ஊரே கேலி பேசியது. சீஸ்கேக், கஸ்டர்டு, டார்ட் எல்லாம் கிடைக்கும். ஆக, லண்டன்வாசி தன் காலத்து ஓவியத்தை முதன்முதலில் கூட்டமாகப் பார்த்தது வாயில் கஸ்டர்டோடுதான் என்று சொன்னால் மிகை இல்லை. ஹோகார்த்தும் ஹேமனும் அந்த வித்தையைத் தூக்கிக்கொண்டுபோய்க் கைவிடப்பட்ட குழந்தைகளின் இல்லத்தில் வைத்தார்கள்.

டெசர்ட் என்ற சொல்லே மேஜையைத் துடைத்து ஒழிப்பதைக் குறிக்கும் பிரெஞ்சு வினையிலிருந்து வந்தது. பெரிய விருந்தில் இறைச்சியும் பிற உணவும் போன பிறகு, விரிப்பை எடுத்துவிட்டு, பழங்களும் இனிப்புகளும் வைப்பார்கள். ஹன்னா கிளாஸ் எழுதிய புகழ்பெற்ற ஆங்கிலச் சமையல் புத்தகம் இதே 1747-ல்தான் வெளிவந்தது. முதல் பதிப்பில் அவர் பெயர் இல்லை, ஒரு சீமாட்டி எழுதியது என்று மட்டும் இருந்தது. அந்தக் காலத்து இனிப்புகளை நம் நாக்குக்குப் புரியும்படி சொல்லிப் பார்க்கிறேன். சில்லபப் என்பது பாலேட்டில் ஒயினும் எலுமிச்சையும் சர்க்கரையும் சேர்த்து, நுரைத்து நிற்கும்வரை அடித்து, கண்ணாடிக் குவளையில் தருவது. காசியில் குளிர்காலத்தில் விற்கும் மலையோ என்ற பால்நுரை இனிப்பை நினைத்துக்கொண்டு அதில் கொஞ்சம் புளிப்பையும் போதையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜெல்லிக்கு இப்போதுபோல் பொட்டலத் தூள் கிடையாது. கன்றுக்குட்டியின் காலை மணிக்கணக்கில் வேகவைத்து எடுப்பார்கள். ஆட்டுக்கால் சூப்பு ஆறினால் கட்டிப்படுமே, அதே சங்கதிதான். கொழுப்பை நீக்கி, வடிகட்டித் தெளியவைத்து, ஒயினும் எலுமிச்சையும் சர்க்கரையும் சேர்த்தால் விருந்து மேஜையில் விளக்கொளியில் மினுங்கும்.

எல்லாவற்றிலும் சர்க்கரை. கூம்பு வடிவக் கட்டியாக வரும். இடுக்கியால் நறுக்கி எடுக்க வேண்டும். அது வந்த இடம் கரீபியன் தீவுகளின் கரும்புத் தோட்டங்கள். ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்டு அடிமைகளாக்கப்பட்டவர்கள் விளைவித்தது. அந்தச் சர்க்கரையைப் புறக்கணிக்க வேண்டும் என்று பிரிட்டனில் இயக்கம் எழுந்தது 1791-ல்தான். 1747-ன் விருந்து மேஜைகளில் கைவிடப்பட்ட குழந்தைக்காக இளகிய மனங்கள் அந்தக் குவளையைப் பார்த்து உறுத்தலடையவில்லை. இன்றைக்கு உட்கார்ந்துகொண்டு அவர்களைக் கேலி செய்வது சுலபம். என் தட்டில் இருக்கும் சாக்லேட்டின் கோகோ எந்தத் தோட்டத்தில் யார் பறித்தது என்று நான் கேட்டதில்லை.

குழந்தைகளுக்கு என்ன கிடைத்தது? கஞ்சி, ரொட்டி, பாலாடைக்கட்டி, குறிப்பிட்ட நாட்களில் இறைச்சி. அந்தக் காலத்து ஏழைக் குழந்தைக்கு அது மோசமில்லை. பிற்காலத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுவதைப் பார்ப்பதே லண்டனில் ஒரு பொழுதுபோக்காக ஆனது.

குலுக்கலும் கச்சேரியும்

விருந்துக்கு வந்தவர் படத்தைப் பார்த்துவிட்டுப் போய்விட்டால் வசூல் எங்கிருந்து வரும்? அடுத்த சில வருடங்களில் இரண்டு வழிகள் பிறந்தன.

முதலாவது ஹோகார்த்தின் குலுக்கல். பழைய அரச வம்சத்தைத் திரும்பக் கொண்டுவர எழுந்த கிளர்ச்சியை அடக்க 1745-ல் லண்டனை விட்டுப் புறப்படும் காவற்படை குடித்துக் கூத்தடித்துக்கொண்டு போவதை அவர் ஒரு பெரிய படமாக வரைந்திருந்தார். ஃபின்ச்லிக்குப் போகும் படை என்று பெயர். அதன் அச்சுப்படத்துக்கு 7 ஷில்லிங் 6 பென்ஸ் விலை வைத்தார். மேலே 3 ஷில்லிங் கொடுத்தால் மூல ஓவியத்துக்கான குலுக்கலில் ஒரு சீட்டு. 1,843 சீட்டுகள் விற்றன. மிஞ்சிய 167 சீட்டுகளை இல்லத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். 1750 ஏப்ரல் 30 அன்று பெட்டியைத் திறந்தார்கள். விழுந்த எண் 1941. அது இல்லத்தின் சீட்டு. அன்று இரவே படம் போய்ச் சேர்ந்துவிட்டது.

இல்லத்துக்கு விழும் வாய்ப்பு பன்னிரண்டில் ஒன்று என்ற அளவுதான். இதில் ஏதாவது கைவேலை இருந்திருக்குமா என்று எனக்கும் மனதில் ஓடியது. இருந்ததற்கு ஆதாரம் இல்லை, விட்டுவிடுவோம். வியாபாரமாகப் பார்த்தால் அற்புதமான வேலை. ஓவியர் 1,843 பேரிடம் பணம் வாங்கிவிட்டார். விற்காமல் நின்ற சீட்டுகளைத் தர்மம் ஆக்கிவிட்டார். படம் ஊரில் எல்லோரும் வந்து பார்க்கும் சுவரில் தொங்குகிறது. பையில் கையை விட்டுப் பந்து எடுத்த தாய்மார்கள் ஞாபகம் வராமல் இதை என்னால் எழுத முடியவில்லை. இரண்டு குலுக்கலும் சேர்ந்தது ஒரே நிறுவனத்துக்கு.

இரண்டாவது, இசை. அதன் கதை பரவலாகத் தெரிந்ததுதான், சுருக்கமாகச் சொல்கிறேன். இல்லத்தின் சிற்றாலயம் கட்டி முடியப் பணம் தேவைப்பட்டபோது இசையமைப்பாளர் ஹாண்டல் தானாக முன்வந்து 1749 மே 27 அன்று கச்சேரி நடத்தினார். மறுவருடம் மே 1 அன்று மெசையா என்ற தன் இசைப் படைப்பை நிகழ்த்தினார். நுழைவுச்சீட்டு அரை கினி, அதாவது பத்தரை ஷில்லிங். இடத்துக்கு மேல் ஆட்கள் வந்து பலர் திரும்பிப் போக நேர்ந்ததால் மே 15 அன்று மறுபடி நடத்தினார்கள். அதற்கப்புறம் வருடா வருடம். அந்தக் கச்சேரிகளால் இல்லத்துக்கு ஏறத்தாழ 7,000 பவுண்டு சேர்ந்தது. லண்டனில் முதலில் பெரிதாக எடுபடாத அந்த இசைப் படைப்பு மக்கள் மனதில் நிலைத்ததும் இந்தக் கச்சேரிகளால்தான். இங்கேயும் கொடுத்தவருக்கு ஒன்று திரும்பி வந்திருக்கிறது, கவனியுங்கள்.

1760

படமும் பாட்டும் விருந்தும் இல்லத்தைப் பிரபலமாக்கின. பிரபலமானதால் நாடாளுமன்றம் கவனித்தது. 1756-ல் அரசுப் பணம் வந்தது, ஒரு நிபந்தனையோடு: கொண்டுவரும் எந்தக் குழந்தையையும் மறுக்கக்கூடாது. பந்து, பை எல்லாம் போயிற்று. வாசலில் ஒரு கூடையை மாட்டினார்கள். ஜூன் 2, முதல் நாள் மட்டும் 117 குழந்தைகள். நான்கு வருடத்துக்குள் ஏறக்குறைய 15,000 குழந்தைகள் வந்து சேர்ந்தார்கள். தொலைதூர ஊர்களிலிருந்து மூட்டையாகக் கட்டிக் கொண்டுவந்தார்கள். வழியிலேயே செத்தவர்கள் உண்டு. வந்தவர்களில் தொழில் பழக அனுப்பும் வயது வரை பிழைத்தவர்கள் சுமார் 4,400 பேர்தான். 1760-ல் நாடாளுமன்றம் கையை எடுத்துக்கொண்டது. மறுபடி குறைந்த எண்ணிக்கை, மறுபடி கட்டுப்பாடு.

அதே 1760-ல் ஓவியர்களுக்கு நேர்ந்தது வேறு. 1759 நவம்பர் 5, வழக்கமான வருடாந்தரச் சாப்பாடு. இல்லத்தின் சுவர்களில் நம் படங்களைப் பார்க்க இத்தனை கூட்டம் வருகிறதே, நாமே ஒரு கண்காட்சி நடத்தினால் என்ன என்ற பேச்சு அங்கிருந்துதான் உருண்டது. 1760 ஏப்ரல் 21 அன்று ஸ்ட்ராண்ட் தெருவில், கலை மற்றும் தொழில் ஊக்குவிப்புச் சங்கத்தின் பெரிய அறையில் கண்காட்சி திறந்தது. வாழும் பிரிட்டிஷ் கலைஞர்கள் தாங்களே ஒன்றுசேர்ந்து நடத்திய முதல் பொதுக் கண்காட்சி. அனுமதி இலவசம், படப்பட்டியல் 6 பென்ஸ். 6,500-க்கு மேல் விற்றது. தள்ளுமுள்ளில் ஜன்னல் கண்ணாடி உடைந்தது. வருமானத்தை முதுமையாலும் நோயாலும் தொழில் செய்ய முடியாத கலைஞர்களுக்குக் கொடுப்பது என்பது ஆரம்ப யோசனை. பசித்த குழந்தைக்காகத் தொடங்கியது பசித்த ஓவியருக்கு வந்து நின்றது. எட்டு வருடம் கழித்து, 1768 டிசம்பரில், கலைஞர்களுக்கான ராயல் அகாடமி பிறந்தது. ஹோகார்த் அதைப் பார்க்கவில்லை; 1764-லேயே போய்ச் சேர்ந்துவிட்டார். இருந்திருந்தால் திட்டியிருப்பார், அகாடமி என்ற ஏற்பாடே அவருக்கு ஆகாது.

இந்த நிகழ்வை எடுத்து வைத்து யார் அதிகம் பெற்றார்கள் என்று கேட்டால் என் பதில் ஓவியர்கள் என்பதுதான். ஒரு சுவர் கேட்டு வந்தார்கள், ஒரு துறையையே கட்டிக்கொண்டு போனார்கள். அதற்காக அவர்கள் செய்தது போலித் தர்மம் என்று நான் சொல்ல வரவில்லை. தன்னலம் இருந்ததால்தான் அந்த ஏற்பாடு வருடக்கணக்கில் ஓடியது. இரக்கத்தை மட்டும் நம்பியிருந்தால் 1747 விருந்தின் எச்சில் இலையோடு முடிந்திருக்கும். இப்போது தொண்டுக் கண்காட்சி நடத்துகிறவர்கள் ஓவியரிடம் இலவசமாகப் படம் கேட்கும்போது அவருக்கு என்ன திரும்பக் கிடைக்கும் என்று யோசிப்பது குறைவு. பெயர்ப்பலகையில் கடைசி வரி, ஒரு சால்வை, ஒரு கிண்ணம் ஐஸ்கிரீம். மறுவருடம் அவர் போனை எடுப்பதில்லை என்று வருத்தப்படுவார்கள். கோர்ட் ரூம் ஓவியர்களுக்குக் கிடைத்தது நிர்வாகக் குழுவில் இடம், நிரந்தரமான சுவர், வருடத்துக்கு ஒரு நாள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் சாப்பாடு. மூன்றாவதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயமாக முடிந்தது.

கணக்கின் இன்னொரு பக்கத்தில் வசதியானவர்கள். அவர்களுக்கு ஒரு நல்ல பொழுது. குழந்தைகளுக்கு உயிர், எல்லோருக்கும் இல்லை. தாய்மார்களை இந்த மாலைகள் எதற்கும் யாரும் அழைக்கவில்லை.

1920-களில் பழைய கட்டடத்தை இடித்துவிட்டார்கள். கோர்ட் ரூமின் மேல்விதான வேலைப்பாடுகளையும் படங்களையும் பத்திரமாக எடுத்து, பிரன்ஸ்விக் சதுக்கம் 40-ஆம் எண் கட்டடத்தில் அப்படியே மீண்டும் அமைத்தார்கள். 2004-லிருந்து அது ஃபவுண்ட்லிங் அருங்காட்சியகம். ஹோகார்த்தின் மோசே அங்கே இருக்கிறான். குலுக்கலில் விழுந்த ஃபின்ச்லிப் படை இருக்கிறது, கோரம் சிவப்புக் கோட்டோடு இருக்கிறார். என்றாவது திரும்பி வந்தால் அடையாளம் காட்டிப் பிள்ளையை மீட்டுக்கொள்ளலாம் என்று தாய்மார்கள் விட்டுப்போன பொருள்களும் ஒரு கண்ணாடிப் பெட்டியில் இருக்கின்றன: தேய்ந்த நாணயம், ஒரு பொத்தான், பெயர் கீறிய தகடு.